ஹீலியோஸ் 40-2, கேனான் எஃப்டி 85: இரண்டு கனமான பழைய லென்ஸ்களோடு சில வருடங்கள்

இருட்டில் எடுக்கத்தான் எஃப்/1.2, எஃப்/1.5 லென்ஸ்கள் (இந்த எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்) என்பது ஃபிலிம் காலத்து நியாயம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400 ஃபிலிமையே வேகமானது என்று சொன்ன நாட்களில், ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சத்துக்காக முக்கால் கிலோ கண்ணாடியைச் சுமப்பதில் அர்த்தம் இருந்தது. இன்று சுமாரான ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவிலேயே (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி கிடையாது) 6400-ஐத் தயங்காமல் வைக்கலாம். வெளிச்சம் மட்டும்தான் தேவை என்பவருக்கு இந்த லென்ஸ்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முழுக்கத் திறந்த நிலையில் ஒரு முகத்தை இவை காட்டுகிற விதத்துக்காகத்தான் நான் இவற்றை வைத்திருக்கிறேன். அந்த விதம் கேமராவில் பாதிதான் உருவாகிறது. மீதிப் பாதி எடிட்டிங்கில் பிழைக்கும், இல்லையென்றால் அங்கேயே செத்துவிடும். இந்த லென்ஸ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடிட்டிங்கைத் தொடாமலே போவது எனக்குக் குறையாகப் படுகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டும் 85 மி.மீ. ஒன்று ஹீலியோஸ் 40-2, எஃப்/1.5. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் செய்தது. போருக்கு முன்பு ஜெனாவில் சைஸ் நிறுவனம் கொண்டுவந்த பயோட்டார் 75 மி.மீ. எஃப்/1.5-தான் இதன் மூதாதை. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், பத்து பிளேடு அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அமைப்பு), எம்42 திருகு மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் இடம்), எடை ஏறக்குறைய 800 கிராம். இன்னொன்று கேனான் நியூ எஃப்டி 85 மி.மீ. எஃப்/1.2 எல், 1980-இல் வந்தது. உள்ளே ஒரு ஆஸ்ஃபெரிக்கல் (கோள வடிவில் இல்லாத) கண்ணாடி இருக்கிறது, கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது தரம் குறையாமலிருக்கத் தனியாக நகரும் தொகுதியும் இருக்கிறது. ஃபில்டர் அளவு 72 மி.மீ.; 85-ஐ 1.2-ஆல் வகுத்தால் திறப்பு 71 மி.மீ. வரும். அதாவது லென்ஸின் முகம் முழுக்கக் கண்ணாடிதான்.

கேனான் 1987-இல் இஎஃப் மவுண்டுக்கு மாறியதும் எஃப்டி லென்ஸ்கள் அனாதையாகின. எஃப்டி மவுண்டிலிருந்து ஃபிலிமுக்கு 42 மி.மீ. தூரம், இஎஃப்பில் 44. இடையில் ஒரு திருத்தக் கண்ணாடி வைக்காமல் கேனானின் சொந்த டிஎஸ்எல்ஆரிலேயே இவற்றால் தொலைதூரத்தை ஃபோகஸ் செய்ய முடியாது. 2013-இல் சோனியின் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் வந்தபோது அந்தத் தூரம் 18 மி.மீ. ஆனது, கண்ணாடியே இல்லாத வெறும் உலோக வளையம் (அடாப்டர்) போதும் என்றாயிற்று. இந்தப் பழைய லென்ஸ்களுக்கு இரண்டாம் பிறவி அப்போதுதான் கிடைத்தது.

கையாளுவதில் இரண்டும் வெவ்வேறு குணம். கேனானின் ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகும். ஹீலியோஸ் கெட்டி, கிரீஸ் பழசானால் இன்னும் முரண்டு பிடிக்கும். அதன் அபெர்ச்சரும் ப்ரீசெட் முறை: ஒரு வளையத்தில் அளவைக் குறித்துவைத்து, இன்னொன்றால் திறந்து மூட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இது தலைவலியாகத் தெரியும். எனக்கு இதுதான் பிடிக்கிறது. திறந்து மூடும் வளையத்தில் கிளிக் இல்லை, பிளேடுகளைச் சட்டென்று மூடும் ஸ்ப்ரிங் இல்லை. பிளேடில் கொஞ்சம் எண்ணெய் கசிந்தால்கூட வேலை கெடாது. எது வாங்கினாலும் தூக்கும்போது லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள். கேமராவைப் பிடித்தால் மொத்த எடையும் அடாப்டரில் தொங்கும், நாளடைவில் அது ஆட ஆரம்பித்துவிடும்.

கேமராவில் மூன்று செட்டிங்குகளை முதலிலேயே மாற்றிவிடுங்கள். பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்க வேண்டும். கை நடுக்கத்தைச் சமன் செய்யும் சென்சார் ஸ்டெபிலைசேஷனில் ஃபோகல் லெங்த்தை 85 என்று கையால் எழுத வேண்டும். எலெக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனை (ஷட்டரின் முதல் திரைக்குப் பதில் சென்சாரே எக்ஸ்போஷரைத் தொடங்கும் முறை) அணைக்க வேண்டும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. திறந்த அபெர்ச்சரில் ஷட்டர் வேகம் ஏற ஏற அது பின்னணி வெளிச்ச வட்டங்களின் ஓரத்தை நறுக்கிவிடும். லென்ஸின் குறை என்று பலர் திட்டுவது உண்மையில் இதைத்தான். முழு எலெக்ட்ரானிக் ஷட்டரும் எல்இடி விளக்கு இருக்கும் இடத்தில் ஆகாது, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வெயிலில் இன்னொரு சங்கடம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/1.5 என்றால் ஷட்டர் வேகம் சுமார் 1/11000 வினாடி வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-ஐத் தாண்டாது. வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றை ஹீலியோஸில் நான் கழற்றுவதே இல்லை.

இனி ஃபோகஸ். 85 மி.மீ., எஃப்/1.5, ஒரு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டரை நெருங்கும். தெளிவான ஓரங்களைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் இங்கே உதவாது. ஓரங்களில் கான்ட்ராஸ்ட் இருந்தால்தான் பீக்கிங் வேலை செய்யும், திறந்த நிலையில் ஹீலியோஸ் தருவது மென்மையான ஓரம். திரையைப் பெரிதாக்கி இமை முடியைப் பார்ப்பது ஒன்றே வழி. நான் தோராயமாக வளையத்தைத் திருப்பிவிட்டு, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துச் சில படங்கள் தொடர்ந்து எடுப்பேன். ஒன்று கண்ணில் விழும்.

அபெர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் தளமும் கொஞ்சம் பின்னுக்கு நகரும். அதனால் எஃப்/2.8-இல் எடுப்பதென்றால் எஃப்/2.8-இலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். திறந்து ஃபோகஸ் செய்து மூடினால் காதுதான் தெளிவாக இருக்கும்.

இந்த லென்ஸ்களின் முழுக் குணத்தையும் நான் பார்த்தது தெருக்கூத்து ஒப்பனை நடக்கும் இடத்தில்தான். திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது கலைஞர்கள் தாங்களே கைக்கண்ணாடியைப் பார்த்து அரிதாரம் பூசிக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு எல்இடி பல்பு தொங்கும். மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டைகளும் பக்கத்தில் கிடக்கும். அந்தக் கண்ணாடித் துண்டுகள் ஹீலியோஸுக்குத் தீனி. முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் சற்றுப் பின்னால் இருக்கும் கிரீடத்தின் துண்டுகள் ஒவ்வொன்றும் சிறு வட்டமாக விரியும். படத்தின் நடுவில் வட்டமாக இருப்பவை ஓரம் போகப் போகப் பாதாம் வடிவத்துக்குச் சுருங்கி, முகத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் குழலே ஒரு பக்கம் மறைப்பதால் அந்த வடிவம் வருகிறது. ‘சுழல் பொக்கே’ (பொக்கே என்பது ஃபோகஸுக்கு வெளியே இருப்பவை கரையும் விதம்) என்று சொல்லி விற்பது இதைத்தான். இலைகளுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுக்கிற சுழலைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு பிடிக்கும், ஏனென்றால் இங்கே சுழல்வது அந்த மனிதரின் சொந்த அணிகலன்.

அதே இடத்தில் கேனானை மாட்டினால் கதை வேறு. எஃப்/1.2-இல்கூட இமை ஒவ்வொன்றாகத் தெரியும், அதன்மேல் மெல்லிய ஒரு ஒளிப்படலம் இருக்கும், அவ்வளவுதான். பின்னணி சுழலாது, கரையும். எண்ணெய் மின்னும் அரிதாரத்தில் ஹீலியோஸ் ஒளியை வெளியே கசியவிடும். கேனான் அடக்கி வைக்கும். ஒன்றையே வாங்கு என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் கேனானைத்தான் சொல்வேன். தினசரிக்கு அது நம்பகமானது. ஆனால் சுவரில் மாட்டியிருப்பவை பெரும்பாலும் ஹீலியோஸ் படங்கள்.

எடிட்டிங்குக்கு வருவோம். திறந்த அபெர்ச்சரில் எடுத்த ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் திறந்ததும் முதலில் தெரிவது வெளுத்த கறுப்பு. லென்ஸ் கண்ணாடியின் பூச்சு பழசு, ஒளி உள்ளே சிதறுகிறது. உடனே கை, மங்கலை நீக்கும் ‘டிஹேஸ்’ பக்கம் போகும். போக வேண்டாம். டிஹேஸ் அந்த வெளுப்போடு சேர்த்து முகத்தைச் சுற்றியிருக்கும் ஒளிப்படலத்தையும் தின்றுவிடும், நிறத்தையும் தடிமனாக்கிவிடும். டோன் கர்வில் கீழ்முனையை மட்டும் வலப்பக்கம் நகர்த்திக் கறுப்பை உட்கார வையுங்கள். நடுத்தர டோன்களைத் தொடாதீர்கள். படம் எடுக்கும்போதே நெற்றியிலும் மூக்கிலும் வெளிச்சம் எரிந்துபோகாமல் கொஞ்சம் குறைவாக எக்ஸ்போஸ் செய்திருந்தால் இது சுலபம். எரிந்த ஹைலைட்டைச் சுற்றி வரும் படலம் வெறும் வெள்ளைக் கறை. உயிரோடிருக்கும் ஹைலைட்டைச் சுற்றி வந்தால்தான் அது ஒளி.

நடுத்தர டோன்களின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் ‘கிளாரிட்டி’ எனக்கு முழு விலக்கு. ஷார்ப்பனிங்கை மொத்தப் படத்துக்கும் கொடுத்தால் கரைந்த பின்னணியில் மணல் தூவினாற்போல நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) எழும்பும். கண்ணுக்கு மட்டும் மாஸ்க் போட்டு அங்கே ஷார்ப்பனிங்கும் பத்து பதினைந்து அளவு ‘டெக்ஸ்சரும்’ கொடுத்தால் போதும். ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு இரவுப் படங்கள் எளிதாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் லைட்ரூம் தானாக வைக்கும் 50 இந்த லென்ஸ்களுக்கு அதிகம். இமையைக் கூராக்கித் தோலை மெழுகாக்கிவிடுகிறது. 20, 25-ஐ நான் தாண்டுவதில்லை. கடைசியில் ஒரு சிட்டிகை கிரெயின் (ஃபிலிம் போன்ற துகள்) சேர்த்தால், தெளிவான நடுவும் கரைந்த ஓரமும் ஒரே தாளில் அச்சானவை போல ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அதிக நேரம் பிடிப்பது நிறக்கசிவு. ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் இருக்கும் பளபளப்பான ஓரங்களில் ஊதா, பின்னால் இருப்பவற்றில் பச்சை. வெள்ளிக் கொலுசு, மூக்குத்திக் கல், கூத்துக் கிரீடத்தின் கண்ணாடி எல்லாவற்றிலும் இது வரும். எஃப்/2.8-க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் அதற்காகவா இந்த லென்ஸை வாங்கினோம்? நிறக்கசிவை அழிக்கும் டீஃப்ரிஞ்ச் ஸ்லைடர் இரண்டே நொடியில் அதை நீக்கிவிடும். ஆபத்தும் அங்கேதான். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை கட்டிய ஒருவரின் படத்தில் மொத்தமாக டீஃப்ரிஞ்ச் போட்டுப் பாருங்கள்: ஜரிகையை ஒட்டிய கரை முழுக்கச் சாம்பல் நிறத்துக்குப் போயிருக்கும். நெய்தவர் தேர்ந்தெடுத்த நிறம் அது, லென்ஸ் போட்ட கறை இல்லை. மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் மாஸ்கிங்கில் இருக்கும் டீஃப்ரிஞ்சை எடுத்து, நகையின் விளிம்பில் மட்டும் பிரஷ்ஷால் தடவுகிறேன். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாலும் இந்தக் கசிவு தொலையாது, ஓரத்தில் வெளிறிய கோடாக நிற்கும். பிளாக் அண்டு ஒயிட் மிக்ஸில் மெஜந்தாவையும் பர்ப்பிளையும் கொஞ்சம் இறக்கினால் சரியாகும்.

படத்தின் ஓரங்களில் விழும் இருட்டை நான் திருத்துவதில்லை, பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தால் தவிர. இரண்டு லென்ஸையும் ஒரே இரவில் மாற்றி மாற்றிப் போட்டால் நிறம் பொருந்தாது. என்னிடமிருக்கும் ஹீலியோஸ் சற்று மஞ்சள். அதே விளக்கில் லென்ஸுக்கொரு கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தலைவலி இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் ஃபங்கஸ். ஆன்லைனில் ‘மிண்ட்’ (புத்தம் புதிது போல) என்று போட்டிருந்த ஒரு லென்ஸ் அப்படித்தான் என் கைக்கு வந்து திரும்பிப் போனது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருந்தால் லென்ஸ் வாங்கும் பட்ஜெட்டிலேயே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதம் போதும். ஃபங்கஸ் கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. லெதர் பையில் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பது.

800 கிராம் கை தாங்காது என்பவர்கள் நிக்கானின் நிக்கார் 50 மி.மீ. எஃப்/1.2-ஐப் பார்க்கலாம், எடை பாதிக்கும் குறைவு. இன்னும் சிறியது வேண்டுமென்றால் பென்டாக்ஸின் டாக்குமார் 50 எஃப்/1.4. அதில் ஏழு கண்ணாடிகள் கொண்ட வடிவங்களில் தோரியம் (கதிரியக்கத் தனிமம்) கலந்த கண்ணாடி உண்டு, வயதானால் தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் தெளியும்.

ஒன்றை மட்டும் கூத்துக் கலைஞர்களிடம் கற்றுக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஹீலியோஸ் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது, துரியோதனன் வேடக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “முகம் நல்லா வந்திருக்கு தம்பி, கிரீடம் எங்க?” என்று கேட்டார். அந்தக் கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டியது அவரும் அவர் அண்ணனும். அவருக்குக் கரைந்த வட்டங்கள் வேண்டாம், ஒவ்வொரு துண்டும் தெரிய வேண்டும். நியாயமான கேள்வி. இப்போதெல்லாம் யாரை எடுத்தாலும் முதலில் கேனானை எஃப்/5.6-க்கு மூடி, கிரீடம் முதல் மார்பதக்கம் வரை முழுத் தெளிவாக அவருக்கான படத்தை எடுத்துவிடுகிறேன். எனக்கான படத்துக்கு வளையத்தைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.