ஐடிஐ எலக்ட்ரீஷியனா, டிப்ளமோ ட்ரிபிள் ஈயா?

பத்தாம் வகுப்பு முடித்தால் இரண்டுக்கும் போகலாம். ஐடிஐ 2 ஆண்டு, பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) டிப்ளமோ 3 ஆண்டு. தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசு பாலிடெக்னிக்கிலும் கட்டணம் குறைவுதான். ஆக, உண்மையான செலவு டிப்ளமோவுக்குக் கூடுதலாகப் போகும் ஓராண்டின் சம்பளம்.

பலன் எங்கே பிரிகிறது என்பதற்கு ரயில்வே நல்ல உதாரணம். டெக்னீஷியன் கிரேடு 3 வேலைக்கு ஐடிஐ வேண்டும். ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் 19,900. ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமோ வேண்டும், 35,400. பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று: டிப்ளமோ பெரிய படிப்பு என்பதற்காக டெக்னீஷியன் கிரேடு 3 வேலைக்கு அதை ஐடிஐக்குப் பதிலாக ஏற்பதில்லை. அசிஸ்டென்ட் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்கு இரண்டும் செல்லும்.

வயரிங், மோட்டார் ரீவைண்டிங், பேனல் போர்டு என்று கைவேலையில் இறங்க நினைப்பவருக்கு ஐடிஐயே சரி. பட்டறை நேரம் அதில் அதிகம். படித்து முடித்ததும் ஓராண்டு அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) போனால்தான் கை பழகும். அதைத் தவிர்ப்பவர்கள் மோட்டாரை இயக்கும் திரீ பேஸ் ஸ்டார்ட்டர் முன்னால் திணறுவார்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் ஐடிஐ முடித்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் 4 ஆண்டு. வீட்டில் பணநெருக்கடி என்றால் நடுவே வேலைக்கும் போகலாம். தனியார் ஐடிஐ என்றால், எலக்ட்ரீஷியன் பிரிவுக்கே மத்திய அரசின் பயிற்சித் துறையான டிஜிடியின் அங்கீகாரம் (முன்பு என்சிவிடி அங்கீகாரம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.