நாடு பிறந்ததைச் சொல்ல: தலைவர்கள் கதையா, வரைபடமா?

இந்தியா உருவானதைத் தலைவர்களின் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் மனதில் உடனே ஒட்டிக்கொள்ளும். 1930-இல் உப்பெடுக்க ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நடந்தார் என்றால் வகுப்பே கூடவே நடக்கும். ஆனால் 1947 ஆகஸ்ட் 15-ஓடு எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடுவார்கள்.

வரைபடம் அந்த எண்ணத்தை மாற்றும். அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள்! புதுக்கோட்டை 1948-இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில். கோவா 1961 வரை போர்ச்சுகீசியர்களிடம். ‘அப்போ நம்ம ஊர்?’ என்று பிள்ளைகளே கேட்பார்கள். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளக்கும் எல்லைக்கோட்டைக் காட்டும்போது, வீடிழந்து போனவர்களைப் பற்றியும் பேசலாம். பேசத்தான் வேண்டும்.

தயாரிப்பு வேலை கூடுதல், சரி. ஐந்தாம் வகுப்பு என்றால் வரைபடம்தான் என் தேர்வு. இரண்டாம் வகுப்புக்குக் கதையே போதும்.