ஸுஸ்டாண்ட்: கூடைக்கு ஒரு ஸ்டோர், எடுப்பதில்தான் சூட்சுமம்

ஸுஸ்டாண்ட் என்பது ரியாக்ட் ஆப்பில் பல காம்பொனன்டுகளுக்குப் பொதுவான டேட்டாவை ஒரு ஸ்டோரில் வைத்திருக்கும் சின்ன லைப்ரரி. ரியாக்ட், பக்கத்தைக் காம்பொனன்ட் எனும் துண்டுகளாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு ரியாக்டில் தளம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கூடையில் ஒரு புடவையைப் போட்டதும் மேலே உள்ள எண் 2-லிருந்து 3 ஆக வேண்டும். கூடை, லாகின், ஃபில்டர் மூன்றையும் ஒரே கான்டெக்ஸ்டில் (டேட்டாவைப் பல காம்பொனன்டுகளுக்குப் பகிரும் ரியாக்ட் வசதி) வைத்தால், ஃபில்டரைத் தொட்டாலும் அந்தக் கான்டெக்ஸ்டைப் படிக்கும் அத்தனை காம்பொனன்டும் ரீரெண்டர் ஆகும், அதாவது மறுபடி ஓடும். இதே வேலைக்கான இன்னொரு லைப்ரரியான ரெடக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ரெடக்ஸ் டூல்கிட் வந்தபின் எழுத்து வேலையும் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ஒரு கூடைக்கு ஸ்லைஸ் (ஸ்டோரின் ஒரு பகுதி), டிஸ்பாட்ச் (மாற்றத்தை ஸ்டோருக்கு அனுப்புவது), புரொவைடர் (ஸ்டோரைத் தர ஆப்பைச் சுற்றிப் போடும் உறை) எல்லாம் அதிகம்தான்.

ஸுஸ்டாண்டில் இது ஒரே ஃபைல். கிரியேட் ஃபங்ஷனுக்குள் பொருட்களின் அர்ரேயையும் அதை மாற்றும் ஃபங்ஷனையும் எழுதினால் ஒரு ஹூக் (காம்பொனன்டுக்குள் கூப்பிடும் ஃபங்ஷன்) கிடைக்கும். எந்தக் காம்பொனன்டிலும் நேராகக் கூப்பிடலாம், புரொவைடர் வேண்டாம். அளவும் சுமார் 1 கேபிதான். சின்ன, நடுத்தர ஆப்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் செலக்டர் (ஸ்டோரிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) எழுதாமல் ஹூக்கை வெறுமனே கூப்பிட்டால் முழு ஸ்டோரும் வந்து சேரும், மறுபடி கான்டெக்ஸ்ட் கதைதான். ஹெடருக்குத் தேவை அர்ரேயின் நீளம் மட்டும் என்றால் அதை மட்டும் எடுங்கள். அது வெறும் எண் என்பதால் ஃபில்டர் மாறினாலும் ஹெடர் அசையாது. 5-ஆம் வெர்ஷனில் இன்னொரு பொறி இருக்கிறது. செலக்டர் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்டையோ அர்ரேயையோ திருப்பினால், ரியாக்ட் அதை மாற்றமாக எண்ணிச் சுற்றிக்கொண்டே இருந்து 'மேக்ஸிமம் அப்டேட் டெப்த்' எரரில் நிற்கும். உள்ளிருப்பதை ஒரு மட்டம் வரை ஒப்பிடும் யூஸ்ஷாலோ போட்டால் சரியாகும். ஆனால் மேப் செய்து உள்ளேயும் புது ஆப்ஜெக்ட்களை உருவாக்கினால் அதுவும் காப்பாற்றாது. அந்தக் கணக்கைக் காம்பொனன்டில் யூஸ்மெமோவுக்குள் (கணக்கின் விடையை நினைவில் வைக்கும் ரியாக்ட் ஹூக்) செய்யுங்கள்.

ஸ்டோரை மாற்றும் செட் ஃபங்ஷன் மேல்மட்டத்தில் மட்டுமே மெர்ஜ் செய்யும். முகவரி ஆப்ஜெக்டில் பின்கோடை மட்டும் 600017 என்று செட் செய்தால் தெருப்பெயர் காணாமல் போய்விடும். பழையதை ஸ்பிரெட் செய்து (அதன் மதிப்புகளை நகலெடுத்துச் சேர்த்து) கொடுக்க வேண்டும், அல்லது அந்த நகலெடுப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் இம்மர் மிடில்வேர் (ஸ்டோரோடு சேர்க்கும் கூடுதல் வசதி) போட வேண்டும். இம்மர் பேக்கேஜைத் தனியாக இன்ஸ்டால் செய்ய மறக்காதீர்கள்.

ரீலோட் ஆனாலும் கூடை காலியாகாமல் இருக்க பெர்சிஸ்ட் மிடில்வேர் உண்டு. எதைச் சேமிப்பது என்று சொல்லும் பார்ஷியலைஸ் கொடுத்து கூடையை மட்டும் பிரௌசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதுங்கள், லாகின் டோக்கன் அங்கே போகக் கூடாது. டேட்டாவின் வடிவம் மாறினால் வெர்ஷன் எண்ணை உயர்த்துங்கள். பழைய டேட்டாவைப் புது வடிவுக்கு மாற்றும் மைக்ரேட் எழுதாமல் உயர்த்தினால் வாடிக்கையாளர் சேர்த்து வைத்த கூடை போய்விடும்.

ரியாக்டைச் சர்வரிலும் ஓட்டும் நெக்ஸ்ட் ஜேஎஸ்-ஸில்தான் உண்மையான ஆபத்து. மாட்யூல் மட்டத்தில் (ஃபைலின் மேலேயே, எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே) உருவாக்கிய ஸ்டோர் சர்வரில் எல்லா ரிக்வஸ்ட்டுக்கும் பொதுவாகிவிடும். அங்கே ஒருவருடைய விவரத்தை எழுதினால் அது இன்னொருவர் பக்கத்தில் போய் நிற்கலாம். கிரியேட்ஸ்டோரால் ரிக்வஸ்ட்டுக்கு ஒன்றாக உருவாக்கி கான்டெக்ஸ்ட் வழியாகக் கொடுக்க வேண்டும், அதாவது புரொவைடர் திரும்பி வந்துவிடுகிறது.

ஸுஸ்டாண்டுக்கு மாறத் தொடங்குமுன், விலை, ஸ்டாக் போன்ற சர்வர் டேட்டாவை, அதைக் கொண்டுவந்து கேஷ் செய்யும் லைப்ரரியான டான்ஸ்டாக் குவெரிக்கு நகர்த்திவிடுங்கள். ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் யூஆர்எல். '5,000 ரூபாய்க்குள் காஞ்சிப் பட்டு' என்று தேடியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அம்மா திறக்கும்போதும் அதே புடவைகள் வர வேண்டும்.