கடல் மூடல் அறிவிப்பு: நாவ்டெக்ஸ் போதுமா, சேட்டலைட் வேண்டுமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போதும், ஒடிசாவின் அப்துல் கலாம் தீவில் ஏவுகணையைச் சோதிக்கும்போதும் வங்கக் கடலில் ஒரு பகுதியை அபாயப் பகுதி என்று அறிவிப்பார்கள். இதுதான் கடல் மூடல் அறிவிப்பு. செய்தி சின்னது: மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, தொடங்கும் நேரம், முடியும் நேரம். உலகக் கடல்களை 21 எச்சரிக்கை மண்டலங்களாக, அதாவது நாவேரியாக்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடையது 8. அதற்கான எச்சரிக்கைகளை டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் (கடல் அளவை) அலுவலகம் ஒருங்கிணைக்கிறது.

மூடல் என்கிறோமே தவிர, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு உள்ளேதான் ஒரு நாடு பிற நாட்டுக் கப்பல்களின் போக்குவரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியும். அதற்கு வெளியே, ஆழ்கடலில், அது எச்சரிக்கை மட்டுமே. கேப்டன் விலகிப் போவது தன் கப்பலுக்காக. அதனால் செய்தி பிழையில்லாமல் கைக்கு வருவதுதான் முக்கியம்.

பெரிய கப்பல்களுக்கு எந்தக் கருவி வேண்டும் என்பதை சோலாஸ் எனும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகளே சொல்லிவிடும். இழுவைப் படகு, சிறிய சரக்குக் கப்பல், பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் எதை வாங்குவது என்ற கேள்வி.

நாவ்டெக்ஸ் பழைய ஆள். 518 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலைவரிசையில் கரை நிலையம் செய்தியை ஆங்கிலத்தில் அனுப்பும், கருவி அச்சடிக்கும் அல்லது திரையில் காட்டும். கட்டணமில்லை, வைத்துவிட்டு மறந்துவிடலாம். தமிழ்நாட்டுக் கரையிலேயே பரங்கிப்பேட்டை, முட்டம் நிலையங்கள் உண்டு. நிக்கோபார் பக்கம் கீட்டிங் முனை. ஒவ்வொரு நிலையத்துக்கும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம். கடல்வழி எச்சரிக்கை வேண்டாம் என்று கருவியில் அணைத்துவைக்கவும் முடியாது. நல்ல ஏற்பாடு.

சிக்கல் இடியில் இருக்கிறது. இந்த அலைவரிசையில் மின்னல் இரைச்சல் அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், படிக்க முடியாத எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி விழும். வானிலைச் செய்தியில் ஓர் எழுத்து போனால் ஊகித்துவிடலாம். மூடல் அறிவிப்பில் இருப்பதெல்லாம் எண்கள். தீர்க்கரேகையில் ஒரு இலக்கம் போனால் எதை ஊகிப்பது? இன்னொன்று பலருக்குத் தெரியாது: பிழை 4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், செய்தி வந்துவிட்டது என்று கருவி பதிந்துகொள்ளும். அடுத்த சுற்றில் அதே செய்தி சுத்தமாக வந்தாலும் மறுபடி காட்டாது. எண்ணில் நட்சத்திரம் கண்டால் விஎச்எஃப் ரேடியோவில் பக்கத்துக் கப்பலைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

அப்புறம் தூரம். நாவ்டெக்ஸ் எட்டுவது 250 முதல் 400 கடல் மைல் வரை. ஏவுதளத்தை ஒட்டிய அபாயப் பகுதிக்கு அது தாராளம். ஆனால் ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் எல்லாம் கரையருகே விழுவதில்லை. சில நடு இந்தியப் பெருங்கடலில் விழும். அங்கே கரை நிலையம் எதுவும் எட்டாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் வழியின் நடுப்பகுதியே நாவ்டெக்ஸ் எட்டும் தூரத்தின் விளிம்புதான்.

சேட்டலைட் வழி இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் சேஃப்டிநெட் சேவை ஒரு நாவேரியா முழுவதற்கும் அனுப்பும். குறிப்பிட்ட வட்டத்துக்கோ செவ்வகத்துக்கோ மட்டும் அனுப்பச் சொன்னாலும் செய்யும். இடி இதைத் தொடாது. செய்தியைப் பெறுபவருக்குக் கட்டணம் இல்லை, அனுப்புபவர்தான் செலுத்துகிறார். 2020 முதல் இன்னொரு நிறுவனமான இரிடியத்தின் சேஃப்டிகாஸ்டும் களத்தில் இருக்கிறது. 66 செயற்கைக்கோள்கள், துருவம் வரை எட்டும். வங்கக் கடலில் ஓடும் படகுக்குத் துருவம் எதற்கு? இங்கே இரண்டும் ஒன்றுதான், விலையையும் சர்வீஸையும் பார்த்து எடுக்கலாம்.

குறை என்றால் கருவியின் செலவு, பிறகு மனிதக் கவனம். இன்மார்சாட் கருவி சரியான கடல் பிராந்தியத்தின் செயற்கைக்கோளோடு இணைந்திருக்க வேண்டும், நாவேரியா எண்ணைச் சரியாக அமைக்க வேண்டும். தவறினால் அது அமைதியாக இருக்கும், நாமும் செய்தி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

அமலில் உள்ள எச்சரிக்கைகளை இணையத்திலும் பார்க்கலாம். புறப்படும் முன் பார்க்க வேண்டியதுதான். சிக்னல் போன பிறகு அதனால் பயனில்லை.

என் தேர்வு: கரையிலிருந்து 200 மைலுக்குள் ஓடும் படகுக்கு நாவ்டெக்ஸ் போதும். அந்தமான் வழி அல்லது அதற்கு அப்பால் என்றால் சேட்டலைட்டை முதன்மையாக வைத்து, நாவ்டெக்ஸைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் போகிறவர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சேட்டலைட்.

மீன்பிடிப் படகுகளின் கதை வேறு. பழவேற்காட்டு ஃபைபர் படகில் இந்த இரண்டும் இருக்காது. ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற செய்தி கரையிலேயே அவர்களுக்குச் சொல்லப்படும். முந்தின நாளே ஆழ்கடலுக்குப் போன விசைப்படகை அது எட்டாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பிப் பெறும் கருவி) தருகிறார்கள். அதில் செய்தி இருபக்கமும் போகும், உள்ளூர் மொழியிலும் வரும். 518இல் வரும் ஆங்கில வரியை விட விசைப்படகு ஓட்டுநருக்கு அதுதான் உதவும்.