வார இறுதி மவுன்டன் பைக் பயணம்: வண்டி நன்று, முதலுதவி மோசம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் கேப்பர் மலைக்கு வார இறுதிகளில் மவுன்டன் பைக் பயணம் அழைத்துச் செல்லும் நிறுவனம் ஒன்றின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. வண்டிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் ஒழுங்காக இருந்தன, காலைச் சிற்றுண்டியும் பரவாயில்லை.

முந்திரித் தோப்பை ஒட்டிய இறக்கத்தில், செம்மண்மேல் உதிரியாகக் கிடந்த சரளைக்கற்களில் முன்சக்கரம் வழுக்கியதால், கையை ஊன்றியபடி விழுந்தேன். வழிகாட்டியின் முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பும் இரண்டு பிளாஸ்திரியும் தவிர வேறெதுவும் இல்லை. "சுளுக்குதான் சார், நீவிவிட்டால் சரியாகிவிடும்" என்று அவர் மணிக்கட்டைப் பிடிக்க வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்படி விழும்போது கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டிலுள்ள சிறிய எலும்பு முறியக்கூடும் என்பதும், அம்முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம் என்பதும் இத்தொழில் நடத்துவோருக்கு அரிச்சுவடியாக இருக்க வேண்டாமா? உடன் வந்த ஒருவர்தான் முழங்கைக் காயத்தைக் குடிநீரால் கழுவி, துண்டால் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டி, 108-ஐ அழைத்தார்.

பையை எடுக்கத் திரும்பியபோது, விரிசல் விட்ட என் ஹெல்மெட் துடைக்கப்பட்டு வாடகை அலமாரியில் இருந்தது. தெர்மாகோல் போன்ற அதன் உட்புறம் பலத்த அடியை ஒருமுறைதான் தாங்கும். பிறகு அது வெறும் தொப்பி. கேட்டதற்கு, பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஹெல்மெட்டை அகற்றவில்லை. செல்வதாயிருந்தால் சொந்த ஹெல்மெட்டும் கட்டுத்துணியும் எடுத்துச் செல்லுங்கள்.