ஹோல் சென்சரா, புதுக் கொன்ட்ரோலரா? உப்புக்காற்றில் ஓடும் மின்சாரச் சைக்கிளுக்கு எது பொருந்தும்

கடந்த மார்கழியில் திருகோணமலை உட்துறைமுக வீதியில் வந்துகொண்டிருந்தபோது என் மின்சாரச் சைக்கிளின் பின்சில்லு திடீரென உறுமத் தொடங்கியது. அக்சிலேற்றரைத் திருகினால் சில்லு பாயாமல் இடறி இடறித் துடித்தது. இறங்கித் தள்ளி, ஓட்டத்தில் ஏறினால் மட்டும் கொஞ்சத் தூரம் ஒழுங்காகப் போனது. அடுத்த நாள் காட்டிய இடத்தில் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், “தம்பி, கொன்ட்ரோலர் போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்” என்றார்கள். போட்டேன். வீட்டு வாசலை எட்டுவதற்கு முன்பே அதே உறுமல்.

பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு அளந்து கொடுக்கும் அந்தப் புதுக் கொன்ட்ரோலரில் குறையில்லை. பழையதிலும் குறை இருக்கவில்லை. காந்தங்கள் எந்த நிலையில் உள்ளன என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும், மோட்டருக்குள் இருந்த ஹோல் சென்சர்களில் ஒன்று செத்திருந்தது. கொத்தமல்லி விதையளவே உள்ள, மூன்று கால்கள் கொண்ட ஒரு துண்டு. வீணாகச் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனாலும் அதனால்தான் ஒரே சைக்கிளில் இரண்டு வழிகளையும் ஓட்டிப் பார்க்க நேர்ந்தது. வாங்கிய கொன்ட்ரோலர் சென்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயங்கும் இரட்டை வகை. முதல் மூன்று வாரம் சென்சர் இல்லாமல் ஓடினேன். பிறகு மோட்டரைத் திறந்து சென்சர்களை மாற்றினேன்.

எதை மாற்றுவது என்று தீர்மானிப்பதற்கு முன் பழுது எங்கே என்று தெரியவேண்டும். அதற்கு ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு, கொன்ட்ரோலருக்கும் மோட்டருக்கும் இடையிலுள்ள மூன்று தடித்த வயர்களையும் பிரியுங்கள். இணைத்திருந்தபோது இறுகி இறுகிச் சுழன்ற சில்லு, பிரித்ததும் இலகுவாகச் சுழன்றால் பழுது கொன்ட்ரோலருக்குள். மோட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் அதன் மொஸ்பெற்றுகளில் ஒன்று குறுக்குச்சுற்றாகி இருக்கிறது. உறுதிசெய்ய, கொன்ட்ரோலரின் பற்றரி வயர்கள் இரண்டுக்கும் அந்த மூன்று வயர்களுக்கும் இடையே தடையை அளவிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மட்டும் ஓரிரண்டு ஓம் காட்டினால் சந்தேகமே வேண்டாம், கொன்ட்ரோலர்தான். பிரித்த பிறகும் சில்லு இறுகியே சுழன்றால் பழுது மோட்டரில், அல்லது மோட்டருக்குப் போகும் வயரில்.

அடுத்து மெல்லிய ஐந்து வயர்கள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை (கிரவுண்ட்), மஞ்சளும் பச்சையும் நீலமும் சென்சர்கள் அனுப்பும் குறிகள் (சிக்னல்). பெரும்பாலான மோட்டர்களில் நிறங்கள் இப்படித்தான் இருக்கும். பிளக்கை இணைத்தபடியே, பற்றரியைப் போட்டு, மீற்றரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து ஒவ்வொரு குறியையும் தொட்டுக்கொண்டு சில்லை மெல்லச் சுழற்றினால், அளவு 0 இற்கும் ஏறக்குறைய 5 இற்கும் இடையே மாறி மாறித் தாவவேண்டும். எனக்குப் பச்சை மட்டும் 5 இலேயே நின்றது. உள்ளே பற்சில்லுகள் உள்ள கியர் மோட்டர் என்றால் சில்லைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். முன்னோக்கிச் சுழற்றினால் ஒருவழிக் கிளச்சினால் மோட்டர் அசையாது. நல்ல சென்சரையும் செத்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

சிவப்பு வயரில் 5 வோல்ட்டே வரவில்லை என்றால் மோட்டர், அக்சிலேற்றர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதில்தான் குறுக்குச்சுற்று. அக்சிலேற்றரின் குறி வயர் சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட் அளவிலும், முழுவதும் திருகினால் 3.6 வோல்ட்டுக்கு மேலும் காட்டவேண்டும். பிரேக் பிடியில் உள்ள மின்துண்டிப்புச் சொடுக்கி ஒட்டிக்கொண்டாலும் மோட்டர் அசையாது. அந்தப் பிளக்கைக் கழற்றினாலே தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிளக்குகளைக் கண்ணால் பாருங்கள். எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடல். மாரி மழையில் நனைந்து, பிறகு கச்சான் காற்றில் உலர்ந்து, பித்தளை முனைகளில் பச்சை படிந்துவிடும். நான் தொட்டுப் பார்த்த சைக்கிள்களில் பாதியளவுக்கு அந்தப் பச்சையைச் சுரண்டி, முனைகளை இறுக்கியதோடு வேலை முடிந்தது. அச்சுக்குள் வயர் நுழையும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். நட்டு இளகி அச்சு சற்றுத் திரும்பினாலும் வயர் அங்கேதான் நசுங்கும். அப்படி நசுங்கித் தடித்த வயர் மெல்லிய சிவப்போடு தொட்டால் சென்சர்களும் கொன்ட்ரோலரும் சேர்ந்தே போகும்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். சென்சரில்தான் பழுது என்று தெரிந்த பிறகு, மோட்டரைத் திறக்காமலே சமாளிக்கும் வழி சென்சர் இல்லாத கொன்ட்ரோலர். இணைப்பது ஒரு மணி நேர வேலை. கொன்ட்ரோலர்களின் வயர் நிறங்கள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். நல்லதொன்றில், கொன்ட்ரோலர் வயர் வரிசையைத் தானாகக் கற்றுக்கொள்வதற்கான இரண்டு வெள்ளை வயர்கள் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் சில்லு தானே சுழன்று வரிசையைக் கண்டுகொள்ளும், பின்னோக்கிச் சுழன்றால் பிரித்து மீண்டும் சேர்க்கவேண்டியதுதான். அந்த வசதியில்லாத, சென்சரை நம்பும் கொன்ட்ரோலரை வாங்கினால் தடித்த மூன்றையும் மெல்லிய மூன்றையும் இணைக்க 36 விதங்கள் உண்டு. மெல்லியவற்றை அசைக்காமல் தடித்தவற்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் ஆறு முயற்சிக்குள் சரியானது கிடைக்கும். வாங்கும்போது இந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

இரட்டை வகை ஒன்றைப் போட்ட பிறகும் என் சைக்கிள் ஏன் உறுமியது? செத்த சென்சரின் பொய்க் குறியை அது நம்பியது. மெல்லிய பிளக்கை முழுவதுமாகக் கழற்றிய பிறகே ஒழுங்காக ஓடியது. ஓடத் தொடங்கிய பின் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பிரதான வீதி, கடற்கரை, உப்புவெளி, நிலாவெளி வரையான சமதரை என்று எங்கும் முன்போலவே போனேன்.

புறப்படும் இடத்தில்தான் சிக்கல். சென்சர் இல்லாத கொன்ட்ரோலர், சுழலும் மோட்டர் திருப்பித் தரும் மின்னழுத்தத்தை வைத்தே காந்தங்களின் நிலையை அறிகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டரில் அந்த மின்னழுத்தமே கிடையாது. அப்போது அது ஊகித்துத்தான் உதைக்கும். சமதரையில் இரண்டு மிதி மிதித்தால் போதும், என்னுடைய கியர் இல்லாத மோட்டர் அதற்குள் சுழன்றிருக்கும். கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் அது முடியவில்லை. மான்கள் குறுக்கே வந்து நிற்கும், நிறுத்தத்தான் வேண்டும். பின்னால் அம்மாவை இருத்திக்கொண்டு அந்தச் சரிவில் மீண்டும் புறப்பட முயன்றபோது சில்லு உதறியது; அம்மா இறங்கி நடந்தார். உவர்மலை ஏற்றத்திலும் இதே கதைதான். கியர் மோட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கெடுதியும் உண்டு: மிதித்தாலும் உள்ளே மோட்டர் சுழலாது, ஒவ்வொரு தடவையும் உதைப்பு நைலோன் பற்களில்தான் விழும்.

சென்சர் மாற்றுவது ஒரு முழுநாள் வேலை. மூன்றின் விலையும் சேர்த்துக் கொன்ட்ரோலர் விலையின் சிறு பங்குதான், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். மூடியின் திருகாணிகள் கறள் பிடித்திருந்தால் முதல்நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். கியர் இல்லாத மோட்டரில் காந்தங்கள் கம்பிச்சுருளை இழுத்துக்கொண்டு நிற்கும். விரலை இடையில் விட்டால் நசுக்கிவிடும், இழுப்பான் கட்டாயம். பழைய சென்சரில் எழுத்துள்ள முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்து வைத்து, புதியதையும் அதே பக்கமாக வையுங்கள். எஸ்எஸ்41 போன்ற, காந்தத்தின் இரு முனைகளுக்கும் மாறும் இருமுனை வகையே வேண்டும். ஒன்று செத்திருந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள், ஒரே நாளில் நனைந்தவை அவை. கால்களைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடி எபொக்சிப் பசையால் ஒட்டுங்கள். புளிக்காடி மணம் வரும் சிலிக்கோன் செம்பை அரிக்கும். மூடி விளிம்புக்கோ பிளக்குக்கோ அதைப் பூசவேண்டாம்.

மோட்டரோடு சில்லையே மாற்றுவதும் ஒரு வழிதான். சுருள் கருகி மணக்கிறது, தடித்த வயருக்கும் அச்சுக்கும் இடையே தொடர்பு காட்டுகிறது, அச்சின் புரி தேய்ந்துவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

சந்தைக்கும் வேலைக்கும் சமதரையில் தனியாகப் போய்வருபவருக்கு, கியர் இல்லாத மோட்டர் என்றால், இரட்டைக் கொன்ட்ரோலரைத் தயங்காமல் சொல்வேன். ஏற்றத்தில் இருப்பவர், பின்னால் ஆளோ பாரமோ ஏற்றுபவர், கியர் மோட்டர் வைத்திருப்பவர் சென்சரைத்தான் மாற்றவேண்டும். நான் சென்சர்களை மாற்றிவிட்டேன், கொன்ட்ரோலரையும் கழற்றவில்லை. வயரை அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டியிருக்கிறேன், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அடுத்த மாரியில் மறுபடி உறுமினால் வீதியோரத்தில் நின்று அந்த மெல்லிய பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு மிதி மிதித்து, வீடு வந்து சேர்வேன்.