சாப்பிள்ளை என்று தேடினேன்: தமிழ் லெக்சிகன், இணையப் பதிப்பு

போன ஆடியில் என் முதல் பிள்ளை தவறியது. 38 வாரம். வலி எடுப்பதற்கு முன்பே துடிப்பு நின்றுவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவே "குறைப்பிரசவமாம்" என்று பேசியது. எனக்கு அது பொறுக்கவில்லை. என் மகளுக்கு நகம்கூட வளர்ந்திருந்தது, என்ன குறை? ஆச்சிதான், "குறையும் இல்ல ஒண்ணும் இல்ல ஏட்டி, அது சாப்பிள்ளை" என்றாள். உயிரில்லாமல் பிறக்கும் பிள்ளையைத்தான் அப்படிச் சொன்னாள்.

கேட்டதும் சுருக்கென்றது. அன்று ராத்திரியே போனில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி இது; சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தமிழிலேயே தட்டித் தேடலாம், ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதலில் ஆங்கிலப் பொருள், அப்புறம் தமிழ்ப் பொருள். 'சாப்பிள்ளை' இருந்தது, ஆச்சி சொன்ன அதே பொருளில். 'சா' என்ற வினையடியோடு பிள்ளை.

போனில் எழுத்து மிகச் சிறியது. சுருக்கக் குறிகளுக்கு விளக்கம் அந்த இடத்திலேயே கிடைக்காது. சில சொற்களுக்குப் பக்கத்தில் உள்ள 'டின்.' என்பது நம் திருநெல்வேலி வழக்கைக் குறிக்கிறது என்பது எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. பெரிய குறை வேறு. ஒரு சொல்லை யார் முன்னால் சொல்லலாம், யார் முன்னால் சொல்லக் கூடாது என்பதை இதில் தெரிந்துகொள்ள முடியாது. "சாப்பிள்ளை பெற்றாலும் மருத்துவச்சி கூலி தப்பாது" என்று ஒரு சொலவடை உண்டு. கூலிப் பேச்சில் சாதாரணமாகப் புழங்கிய சொல்தான். அதையே பெற்றவளிடம் வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

சரியான சொல் எனக்குக் காகிதத்திலும் தேவைப்பட்டது. மருத்துவமனைச் சீட்டில் "பிறந்து இறந்தது" என்று எழுதிவிட்டார்கள். நடந்தது இறந்து பிறந்தது. இரண்டு சொல்லை இடம் மாற்றினால் பதிவே மாறிவிடுகிறது. ஒரு மூச்சு விட்டிருந்தாலும் பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று என இரண்டு பதிவு. 28 வாரம் தாண்டி உயிரில்லாமல் பிறந்தால் அதற்கென்றே தனிப் படிவம், மூன்றாம் எண். சீட்டைத் திருத்தி வாங்க இரண்டு தடவை நடந்தேன். இந்த வித்தியாசத்தை அகராதியில் தேடாதீர்கள், பதிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். என்னைப்போல் ஒரு சொல்லுக்காகத் தவிப்பவர்கள் தயங்காமல் தேடிப் பாருங்கள்.

ஆச்சிக்கு அந்த எழுத்து தெரியவில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "பிள்ளைன்னுதான போட்டிருக்கான்" என்றாள்.